பூவேலைத் துணி போன்ற நகரம்

நேயர்களுக்கு வணக்கம்.

தத்துவ அறிஞர் அல்-ஃபாராபிக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவர் யூஹன்னா இப்னு ஹைலான், ஒரு கிறிஸ்தவர். ஃபாராபியிடம் படித்துப் பேரெடுத்த யஹ்யா இப்னு அதீயும் கிறிஸ்தவர்தான். நடுவில் நின்ற ஃபாராபி முஸ்லிம். பாடமோ கிரேக்கத்து அரிஸ்டாட்டிலுடையது. பத்தாம் நூற்றாண்டு பாக்தாதில் இதெல்லாம் நடந்தது. அங்கே வாழ்ந்த ஃபாராபி, மனிதர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றி யோசித்ததைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மனிதனால் தனியாக வாழ்ந்து நிறைவு காண முடியாது. சரி, எத்தனை பேர் சேர்ந்தால் போதும்? வீடு போதாது, தெரு போதாது, கிராமமும் போதாது என்கிறார் ஃபாராபி. நகரம்தான் நிறைவான கூட்டத்தில் சிறியது. அடுத்தது ஒரு தேசம். எல்லாவற்றிலும் பெரியது, மனிதர் குடியிருக்கும் நிலம் முழுவதும். அதை அரபியில் மஃமூரா என்பார்கள். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நகரத்தை வைத்தே அரசியல் பேசினார்கள். இவர் அதை உலகம்வரை கொண்டுபோனார். நல்ல தேசங்களுக்கு மதங்கள் வேறாக இருக்கலாம், அவை நாடும் பேரின்பம் ஒன்றுதான் என்றும் எழுதினார். ஒரே உண்மையை ஒவ்வொரு மக்களுக்கும் அவர்கள் அறிந்த உருவங்களில்தானே சொல்ல முடியும்?

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. எல்லோரும் விரும்பியபடி வாழும் சுதந்திர நகரத்தை, பல வண்ணங்களில் பூவேலை செய்த துணி என்கிறார். உவமை பிளேட்டோவிடமும் உண்டு. ஆனால் ஃபாராபியின் நகரத்துக்குப் பல தேசத்து மக்கள் வந்து குடியேறுகிறார்கள். கலந்து மணம் முடிக்கிறார்கள், விதவிதமான குணமும் வளர்ப்பும் கொண்ட பிள்ளைகள் பிறக்கிறார்கள். கடைசியில் வந்தவர் யார், உள்ளூர்க்காரர் யார் என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை.

இதை அவர் இலட்சிய நகரமாக, அதாவது நன்னகரமாகச் சொல்லவில்லை. உண்மையான பேரின்பம் எதுவென்று அறியாத அறியாமை நகரங்களின் வரிசையில்தான் வைக்கிறார். நன்மையும் தீமையும் அங்கே சேர்ந்தே பெருகும் என்கிறார். ஆனாலும் அந்த வரிசையில் அதுவே மக்களை ஈர்க்கும் நகரம். ஞானிகளும் கவிஞர்களும் அங்கிருந்து எழக்கூடும், நன்னகரத்துக்கு வேண்டியவர்களை அங்கிருந்தே பொறுக்கி எடுக்கலாம் என்கிறார். தன் கொள்கைக்குப் பொருந்தாத ஊரிலும் நல்லதைப் பார்க்கிற அந்தக் கண் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

அவரே வெகு தொலைவு கிழக்கிலிருந்து பாக்தாதுக்கு வந்தவர். 942இல் அந்த ஊரையும் விட்டு சிரியாவுக்குப் போனார். பாக்தாதில் தொடங்கிய, நன்னகரம் பற்றிய தன் நூலைக் கையோடு எடுத்துப்போய், டமாஸ்கஸில் எழுதி முடித்தார்.