"கவனக்குறைவு"ன்னு எழுதி ஃபைலை மூடுறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். மனுஷங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு செய்யற ஆராய்ச்சி பாதுகாப்பு வேலைக்கு எப்படி உதவுது, இதைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க, நேரா விஷயத்துக்கே வந்துடறேன். ஒரு கம்பெனில டேட்டா திருட்டுப் போச்சு, இல்ல ஒரு கேட்டைத் தாண்டி சம்பந்தமில்லாத ஆள் உள்ள வந்துட்டாருன்னு வைங்க, விசாரணை ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும், "ஊழியரின் கவனக்குறைவு". அதை எழுதினதும் ஃபைலை மூடிடுவாங்க, ஒரு டிரெய்னிங் வைப்பாங்க, ஒரு சர்க்குலர் போடுவாங்க, அதோட முடிஞ்சுது. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. அந்த வரில இருந்துதான் விசாரணையே ஆரம்பிக்கணும்ங்க. ஏன்னா கவனம் எப்போ குறையும், எதனால குறையும், அதெல்லாம் அளந்து பாக்கக்கூடிய விஷயம், எழுபது வருஷத்துக்கும் மேல அளந்துட்டே இருக்காங்க.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் விமானப்படைக்கு ஒரு சிக்கல் இருந்துச்சு. ரேடார் திரையைப் பாத்துட்டே நீர்மூழ்கிக் கப்பல் தேடுறவங்க, புள்ளி திரையில வந்தும் அதைத் தவற விட்டாங்க. நார்மன் மேக்வொர்த்னு ஒரு சைக்காலஜிஸ்ட் அதை ஆராய்ஞ்சார். கடிகாரம் மாதிரி ஒரு கருவி செஞ்சார், எண் எதுவும் இல்லாத முகம், ஒரே ஒரு முள், அது ஒவ்வொரு அடியா நகந்துட்டே இருக்கும், எப்பவாவது ஒரு தடவை மட்டும் ரெண்டு அடி சேத்துத் தாவும், அப்போ பட்டனை அமுக்கணும், இதே வேலையை ரெண்டு மணி நேரம் பண்ணணும். முதல் அரை மணி நேரத்துலயே கண்டுபிடிக்கிறது நல்லா இறங்கிடுச்சு. 1948ல இதை வெளியிட்டார். உக்காந்து பாத்தவங்க யாரும் சோம்பேறி கிடையாது, நீங்க நான் யார் உக்காந்தாலும் அப்படித்தான் ஆகும். இன்னைக்கு ஐரோப்பிய யூனியன் ஏர்போர்ட்ல எக்ஸ்ரே திரை பாக்குறவங்க சாதாரணமா தொடர்ந்து 20 நிமிஷத்துக்கு மேல பாக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கே, அதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்த மாதிரி ஆராய்ச்சிதான்.

அந்த எக்ஸ்ரே சீட்டுலயே கொஞ்ச நேரம் உக்காந்து பாப்போம். திரையில பை ஒண்ணு வருது, ஆர்கானிக் பொருள் எல்லாம் ஆரஞ்சு கலர்ல தெரியும், கனமான மெட்டல் நீலம், நடுவாந்தரமா இருக்கிறது பச்சை. சார்ஜர் வயரு, ஷாம்பூ பாட்டில், ஷூ, லேப்டாப் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா குவிஞ்சு கிடக்கும், ஒரு பைக்கு சில செகண்டுதான் டைம், பின்னாடி க்யூ நிக்குது, சூப்பர்வைசர் வேகமா வேகமான்னு பாக்குறார். இப்படி ஆயிரக்கணக்கான பை பாத்தாலும் அதுல நிஜமான துப்பாக்கியோ வெடிபொருளோ இருக்காது, சில பேருக்கு வேலைல இருக்கிற காலம் முழுக்கவே ஒரு வெடிபொருள்கூட கண்ணுல படாது. கஷ்டமே இங்கதாங்க இருக்கு. ஜெரமி வுல்ஃப்னு ஒரு பார்வை ஆராய்ச்சியாளர், அவரோட சேந்தவங்களோட 2005ல நேச்சர் பத்திரிகைல ஒரு சோதனையை வெளியிட்டார். தேடுற பொருள் பாதிப் படத்துல இருக்கும்போது ஆளுங்க தவற விட்டது ஏழு சதவீதம், அதே பொருள் நூத்துல ஒரு படத்துல மட்டும் இருந்தா தவற விட்டது முப்பது சதவீதம். பொருள் மாறல, கண்ணு மாறல, எத்தனை தடவைக்கு ஒருக்கா வருதுங்கறது மட்டும்தான் மாறுச்சு. எப்பவுமே "இல்ல"ங்கறதுதான் சரியான பதிலா இருந்தா, மூளை சீக்கிரமே "இல்ல"ன்னு சொல்லப் பழகிடுது.

இது லேப்ல சாதாரண ஆளுங்கள வச்சுப் பண்ணது, ஏர்போர்ட்ல எக்ஸ்ரே திரை பாக்குற நிஜமான ஸ்கிரீனருக்கு இது பொருந்துமான்னு நீங்க கேக்கலாம், கேக்கவும் வேணும், என்னைக் கேட்டா இந்தத் துறைல எந்த ஆராய்ச்சியைக் கொண்டு வந்து நீட்டினாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி அதுதான். புதுசா டிரெய்னிங் முடிச்ச அமெரிக்க ஏர்போர்ட் ஸ்கிரீனர்களை வச்சே அப்புறம் சோதிச்சாங்க, 2013ல அந்த முடிவு வந்துச்சு, அவங்களும் அரிதா வர்றதைத் தவற விட்டாங்க. இப்போ பல ஏர்போர்ட்ல நிஜப் பையோட எக்ஸ்ரே படத்து மேல பொய்யான துப்பாக்கிப் படத்தை கம்ப்யூட்டரே நடுநடுவுல சொருகி விடுது, த்ரெட் இமேஜ் ப்ரொஜெக்‌ஷன்னு பேரு. ஸ்கிரீனர் பட்டனை அமுக்கினதும் "இது சோதனைப் படம்"னு திரை சொல்லிடும். இதை ஆளைப் பிடிக்கிற பரீட்சைன்னு பல பேர் நினைக்கிறாங்க. பரீட்சையாவும் அது பயன்படுதுதான், ஆனா அதைவிடப் பெரிய பிரயோஜனம், தேடுற பொருள் கண்ணுல அடிக்கடி படுது, அதனால தேடுற புத்தி விழிச்சே இருக்குது. இதைப் புரிஞ்சுக்காம, தவற விட்டவங்களுக்கு மெமோ குடுக்க மட்டும் அந்த ஸ்கோரை எடுத்து வச்சிருக்கிறது, பாதி மருந்தைக் கீழ கொட்டிட்டு மீதியைக் குடிக்கிற மாதிரிதான்.

அடுத்தது முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுடலாம்ங்கற நம்பிக்கை. கண்ணைப் பாக்காம பேசுறான், வேர்க்குது, கை நடுங்குது, அப்போ பொய் சொல்றான்னு நம்மில பல பேர் உறுதியா நம்புறோம், அனுபவம் உள்ள அதிகாரிங்கதான் இன்னும் உறுதியா நம்புறாங்க. சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபவ்லோ ரெண்டு பேரும் 2006ல இருபதாயிரம் பேருக்கும் மேல பங்கெடுத்த பல ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, பொய்யையும் உண்மையையும் பிரிச்சுச் சொல்றதுல ஆளுங்க சராசரியா 54 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டிப் போட்டா அம்பது வரும். அமெரிக்கால ஏர்போர்ட் பாதுகாப்பைப் பாக்குற அரசு அமைப்பு டிஎஸ்ஏ, இந்த மாதிரி அறிகுறிகளை வச்சுப் பயணிகளைக் கவனிக்கிற ஸ்பாட்ங்கற திட்டத்தை 2007ல இருந்து நடத்துச்சு, ஏறக்குறைய 90 கோடி டாலர் செலவாயிருந்த நேரத்துல, 2013 நவம்பர்ல அந்த நாட்டோட தணிக்கை அமைப்பு ஜிஏஓ, இந்த அறிகுறிகளுக்கு ஆதாரம் போதாது, இதுக்கு இனிமே குடுக்கிற பணத்தைக் குறைங்கன்னு ரிப்போர்ட் எழுதுச்சு. பணம் போனதை விடுங்க, பதட்டமா இருந்த ஒரே காரணத்துக்காக தனியாக் கூப்பிட்டு நிறுத்தப்பட்ட எத்தனையோ சாதாரண ஜனங்களை நினைச்சுப் பாருங்க. பயணத்துல பதட்டப்படாதவங்க யாரு?

சரி, அப்போ வேற என்ன பண்றது? தாமஸ் ஆர்மரோட், கோரல் டாண்டோன்னு பிரிட்டனைச் சேந்த ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை நிஜ ஏர்போர்ட்லயே சோதிச்சாங்க. பொய்க் கதையோட வர்ற சோதனைப் பயணிகளை சாதாரணக் கூட்டத்துக்குள்ள கலந்து விட்டாங்க, யார் சோதனை ஆள்னு கேள்வி கேக்குற அதிகாரிக்குத் தெரியாது. ஒரு பக்கம் வழக்கமான அறிகுறிப் பட்டியல், இன்னொரு பக்கம் சாதாரணமாப் பேச்சுக் குடுக்கிற முறை. அந்த முறைல என்ன பண்ணுவாங்கன்னா, ஒருத்தர் நான் இன்ன ஊர்ல இத்தனை வருஷம் வேலை பாத்தேன்னு சொன்னா, அப்படியா, வீட்ல இருந்து ஆபீஸுக்கு எப்படிப் போவீங்க, எந்த ஸ்டேஷன்ல இறங்குவீங்கன்னு, அங்க நிஜமா இருந்தவருக்கு யோசிக்கவே வேண்டாத ஒரு கேள்வியைப் போற போக்குல கேப்பாங்க. உண்மை சொல்றவர் பதில் சொல்லிட்டு இன்னும் நாலு விஷயம் சேத்துப் பேசுவார், கதை கட்டினவருக்குப் பேச்சு சுருங்கும், முன்ன சொன்னதோட இப்போ சொல்றது இடிக்கும். இந்த முறைல சோதனை ஆட்கள்ல 66 சதவீதம் பேர் மாட்டினாங்க, அறிகுறிப் பட்டியல் வச்சிருந்த பக்கம் மாட்டினது 3 சதவீதம். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, அப்பாவிப் பயணிக்கு இது ஒரு சாதாரணப் பேச்சாத்தான் இருக்கும், அவமானம் கிடையாது, எந்த ஜாடை எந்த நிறம்னு பாத்து ஆளைப் பொறுக்க வேண்டியதும் கிடையாது.

பாஸ்வேர்டு கதை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், அதனால வேகமாச் சொல்லிடறேன். 90 நாளைக்கு ஒரு தடவை மாத்து, பெரிய எழுத்து, நம்பர், ஸ்பெஷல் கேரக்டர் போடுன்னு பல வருஷமா உலகம் பூரா ரூல். 2010ல நார்த் கரோலினா யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் பழைய அக்கவுண்ட்களோட பாஸ்வேர்டு வரிசையை எடுத்துப் பாத்தாங்க, பழைய பாஸ்வேர்டு தெரிஞ்சா அஞ்சே முயற்சில புதுசைக் கண்டுபிடிக்க முடிஞ்ச அக்கவுண்ட் 17 சதவீதம். ஜனங்க கடைசி நம்பரை ஒண்ணு கூட்டிட்டுப் போய்ட்டே இருந்தாங்க, வேற என்ன பண்ணுவாங்க, பத்து பன்னெண்டு சிஸ்டத்துக்கு எப்படி ஞாபகம் வச்சுக்குவாங்க? அமெரிக்காவோட தரநிர்ணய அமைப்பு என்ஐஎஸ்டி 2017ல தன்னோட வழிகாட்டுதலையே மாத்திடுச்சு, காரணமில்லாம பாஸ்வேர்டை மாத்தச் சொல்லாதீங்க, நீளமா வைக்க விடுங்க, கசிஞ்ச பாஸ்வேர்டு லிஸ்ட்ல இருந்தா மட்டும் தடுத்துடுங்கன்னு. இத்தனைக்கும் லண்டன்ல ஆன் ஆடம்ஸும் ஆஞ்செலா சாஸேயும் 1999லயே, ரூல் வேலையோட ஒத்துப் போகலன்னா ஜனங்க சுத்து வழி கண்டுபிடிப்பாங்க, யூசர் எதிரி இல்லன்னு எழுதிட்டாங்க. பதினெட்டு வருஷம் ஆச்சு ரூல் புத்தகத்துக்கு வந்து சேர. இன்னமும் 90 நாள் ரூலை விடாத ஆபீஸ் எத்தனையோ இருக்கு, இந்த ஹால்ல இருக்கிறவங்க கைல அதிகாரம் இருந்தா தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க.

இப்போ ஃபிஷிங், அதாவது தெரிஞ்சவங்க பேர்ல போலி மெயில் அனுப்பி ஏமாத்துறது. இதுலதான் நான் நிறைய நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா இங்கதான் மனுஷங்களை நாம ரொம்ப மோசமா நடத்துறோம். அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தங்க இருக்காங்கன்னு வைங்க, மாசக் கடைசி, சாயந்திரம், ஸ்கிரீன்ல நாப்பது மெயில் படிக்காம நிக்குது, அதுல பாதி அட்டாச்மென்ட் உள்ள இன்வாய்ஸ், அதைத் திறக்கறதுதான் அவங்க வேலையே. அந்த நேரத்துல மேனேஜர் பேர்ல ஒரு மெயில், "மீட்டிங்ல இருக்கேன், போன் எடுக்க முடியாது, இந்த சப்ளையரோட பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க, வேற யார்கிட்டயும் இப்போ பேச வேண்டாம்". இந்த ஒரு மெயில்ல மேலதிகாரியோட அதிகாரம் இருக்கு, அவசரம் இருக்கு, ரகசியம் இருக்கு, வழக்கமான வேலையோட சாயலும் இருக்கு. யோசிக்கிறதுக்கான எல்லா வழியையும் அடைச்சுட்டுத்தான் ஏமாத்துறவன் அதை எழுதியிருக்கான். மில்கிராம்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1960கள்ல அமெரிக்காவோட யேல் யுனிவர்சிட்டில பண்ண முதல் பெரிய சோதனைல, இன்னொரு ஆளுக்கு மின்சார ஷாக் குடுக்கறோம்னு நம்ப வச்சாங்க, நிஜத்துல ஷாக் கிடையாது, ஒரு அதிகாரி பக்கத்துல நின்னு தொடருங்கன்னு சொன்னதுக்காக நாப்பது பேர்ல 26 பேர் கடைசி ஸ்விட்ச் வரைக்கும் போனாங்க. மேனேஜர் சொன்னா செய்யணும்னு வருஷம் பூரா பழக்கிட்டு, ஒரே ஒரு நாள் மட்டும் நீ ஏன் எதிர்த்துக் கேக்கலன்னு அவங்களைக் கேக்கறது நியாயமே கிடையாது.

அதுக்கு நாம பண்றது என்ன, போலி ஃபிஷிங் மெயில் அனுப்பி, கிளிக் பண்ணவங்களுக்கு உடனே ஒரு பாடம் காட்டறது. ஸ்விஸ்ல ஈடிஹெச் ஜூரிக் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய கம்பெனில 14,000 பேருக்கு மேல வச்சு 15 மாசம் இதைப் பாத்து 2022ல வெளியிட்டாங்க, அந்த உடனடிப் பாடத்தைப் பாத்தவங்க கிளிக் பண்றது குறையல, இன்னும் கொஞ்சம் கூடியே இருந்துச்சு. கலிஃபோர்னியால சான் டியேகோ யுனிவர்சிட்டியோட ஆஸ்பத்திரி அமைப்புல 19,500 பேர்கிட்ட எட்டு மாசம் பண்ண ஆராய்ச்சி 2025ல வந்துச்சு, டிரெய்னிங் வாங்கினவங்களுக்கும் வாங்காதவங்களுக்கும் சராசரி வித்தியாசம் 1.7 சதவீதம்தான், பாடப் பக்கத்துல பெரும்பாலானவங்க ஒரு நிமிஷம்கூட இருக்கல. டிரெய்னிங்கே வேண்டாம்னு நான் சொல்லல, ஆனா பட்ஜெட் மொத்தத்தையும் அதுல போட்டுட்டு, பேங்க் அக்கவுண்ட் மாத்தணும்னா ஏற்கனவே நம்மகிட்ட இருக்கிற நம்பர்ல கூப்பிட்டு உறுதி பண்ணணும், ரெண்டாவது ஆள் ஒப்புதல் குடுக்கணும்ங்கற சின்ன நடைமுறையைப் போடாம விட்டா, அது அந்த அக்கவுண்ட்ஸ் அம்மாவோட கவனக்குறைவு இல்லைங்க, நம்ம கவனக்குறைவு. அந்த நடைமுறை அவங்களுக்கு ஒரு கவசமும்கூட, "ரூல் சார், நான் கூப்பிட்டுத்தான் அனுப்பணும்"னு மேனேஜர்கிட்டயே தைரியமாச் சொல்லலாம்.

அதே ஸ்விஸ் ஆராய்ச்சில ஒரு நல்ல சேதி இருக்கு, அதை யாரும் அதிகம் பேசறதில்ல. மெயில்ல ஒரு ரிப்போர்ட் பட்டன் வச்சு, சந்தேகமா இருந்தா அமுக்குங்கன்னு சொன்னாங்க, புது ஃபிஷிங் மெயில் வந்த சில நிமிஷத்துலயே யாராவது அமுக்கிட்டாங்க, மாசக்கணக்காகியும் ஆளுங்க சலிச்சுப் போகல. ஆயிரம் பேர்ல நூறு பேர் ஏமாந்தாலும், சீக்கிரமாச் சொல்ற ரெண்டு பேர் இருந்தா அந்த மெயிலை எல்லா இன்பாக்ஸ்ல இருந்தும் எடுத்துடலாம்ல. ஆனா கிளிக் பண்ணிட்டவங்களும் வந்து சொல்லணும், அவங்க சொல்றதுதான் இன்னும் முக்கியம், எந்த மெஷின்ல என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். போன தடவை சொன்னவரை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுத் திட்டின ஆபீஸ்ல யார் வந்து சொல்லுவாங்க?

விமானத் துறை இதை எப்பவோ யோசிச்சுடுச்சு. அமெரிக்கால 1976ல இருந்து ஏஎஸ்ஆர்எஸ்னு ஒண்ணு நடக்குது, பைலட்டோ கன்ட்ரோலரோ தான் பண்ண தப்பை எழுதி அனுப்பலாம், அதை வாங்குறது தண்டனை குடுக்கிற விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு எஃப்ஏஏ கிடையாது, நாசா, பேரு அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் பதிவு பண்ணுவாங்க, வேணும்னு செய்யாத தப்பா இருந்து, பத்து நாளுக்குள்ள அனுப்பியிருந்தா, சில நிபந்தனைக்கு உட்பட்டு தண்டனைல இருந்தும் விலக்கு உண்டு. வாங்குற கையும் தண்டிக்கிற கையும் வேற வேறயா இருக்கணும்னு அன்னைக்கே பிரிச்சுட்டாங்க பாருங்க. நம்ம கம்பெனிகள்ல செக்யூரிட்டி டீமுக்கு வர்ற ரிப்போர்ட் அப்படியே ஹெச்ஆருக்குப் போகுது, அந்த வழியை மட்டும் முதல்ல அடைச்சுப் பாருங்க, ஆறு மாசத்துல எத்தனை ரிப்போர்ட் கூடுதுன்னு நீங்களே எண்ணிப் பாத்துக்கலாம். எனக்குக் குடுத்த நேரம் முடிஞ்சுது, கேள்வி இருக்கிறவங்க கேக்கலாம், குறிப்பா ஸ்கிரீனிங் வேலைல நேரடியா இருக்கிறவங்க பேசினா நல்லா இருக்கும்.