வகுப்பறை வழியாக வீட்டுக்கு

(தொண்டு நிறுவன ஊழியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ரசீதுப் புத்தகத்தோடு அலைகிறவர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஜவுளிக்கடையில் நன்கொடை கேட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். முதலாளி உள்ளேதான் இருந்தார். கடைசியில் கணக்குப்பிள்ளை வந்து, "அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொன்னாருங்க" என்றார். பள்ளி திறக்கப் பதினைந்து நாள்தான் இருந்தது. எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு நோட்டு வாங்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, பணம் கிடைக்காததைவிட, "எனக்கென்ன தலையெழுத்து" என்ற எண்ணம்தான் அதிகம் வலித்தது.

சிரித்த முகத்தோடு கேளுங்கள் என்பார்கள். சரி, காலையிலிருந்து ஆறு பேர் கையை விரித்த பிறகு சிரிப்பு எங்கிருந்து வரும்?

அன்று நான் வீட்டுக்குப் போகாமல் வகுப்புக்குப் போனேன். ஏழாவது படிக்கும் பையன் ஒருவன், பழைய நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்துச் சேர்த்து, தங்கைக்கு ஒரு நோட்டு தைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் அதே தெருவில் வேறொரு கடைக்குப் போனேன். மனப்பாடம் செய்திருந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. அந்த நோட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் இருபது நோட்டு வாங்கிக் கொடுத்தார். நாற்பது இல்லை, இருபதுதான். ஆனால் மூன்றாவது கடைக்கு ஏறும்போது கால் தயங்கவில்லை.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923இல். 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது 1954இல். நடுவில் 31 ஆண்டுகள்! 1955இல் அங்கே மருத்துவராகச் சேர்ந்து அந்த வளாகத்திலேயே குடியேறிய டாக்டர் சாந்தா, 2021இல் காலமாகும்வரை அங்கிருந்து போகவில்லை. நன்கொடை கேட்டுக் கேட்டு வளர்ந்த இடம் அது. அங்கே கேட்டவர்கள் நோயாளியின் கட்டிலருகே நின்றவர்கள். அவர்கள் சோர்ந்து உட்காராததற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

நாமோ நிதி திரட்டும் இளம் ஊழியர்களை போனோடும் கணக்குத் தாளோடும் அலுவலகத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். மார்ச் 31 நெருங்கினால் இலக்கு எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: வாரம் ஒரு மாலை அவர்களை வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். அன்று வசூலைப் பற்றி விசாரிக்காதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. மாதம் ஒரு நாள் பழைய நன்கொடையாளர்களைக் கூப்பிட்டு, எதுவும் கேட்காமல், அவர்கள் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லுங்கள். நான் முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை. "இப்ப எவ்வளவு வேணும், சொல்லுப்பா" என்றார். "ஒன்றும் வேண்டாம்மா, சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்தப் பையனுக்குக் கணக்கு வருகிறதா, தங்கை எத்தனாவது என்று அரை மணி நேரம் விசாரித்தார்.

அன்று மாலையே ஒரு பெரிய கம்பெனியிலிருந்து, "இந்த ஆண்டு இயலாது" என்று மின்னஞ்சல் வந்தது. படித்தேன். "அடுத்த ஆண்டு வருகிறேன், நன்றி" என்று பதில் எழுதினேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, கிளம்பினேன்.