மஸ்டர் ரோலை உரக்க வாசித்தால்

நண்பர்களே, வெளிப்படைத்தன்மையை ஒரு நல்ல குணமாகவே பேசிப் பழகிவிட்டோம். "அவர் மனசுல எதையும் வெச்சுக்க மாட்டார்" என்போம். சரி, மனிதருக்கு அது போதும். அலுவலகத்துக்கு மனசு ஏது? அதற்கு இருப்பது பீரோவும் சாவியும்தான். சாவி யார் கையில் என்பதே அங்கே கேள்வி.

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்று ஒரு கிராமம். 1994 டிசம்பரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு அங்கே ஒரு மக்கள் விசாரணை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது வேலையாட்களின் வருகையும் கூலியும் எழுதிய பதிவேட்டை, ஊரார் முன்னால் உரக்க வாசித்தார்கள். நம் நூறு நாள் வேலையில் என்.எம்.ஆர். என்கிறோமே, அதேதான். இன்னார், இத்தனை நாள், இவ்வளவு கூலி. பெயரைக் கேட்டவர் எழுந்து, "நான் அந்த வேலைக்கே போகவில்லையே!" என்பார். அடுத்தடுத்த ஊர்களிலும் இதே கதை. செத்துப்போனவர்கள் கூலி வாங்கியிருந்தார்கள். கூரையே போடாத கட்டடம் கணக்கில் முடிந்திருந்தது.

வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதே தாளை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? வாசிக்க ஆள், கேட்க ஊர், மறுத்துப் பேச இடம் என்று மூன்றையும் ஏற்பாடு செய்தார்கள். இந்த ஏற்பாட்டைத்தான் நான் வெளிப்படை என்கிறேன். கேள்வி கேட்டவர்கள் தங்களையும் விட்டுவைக்கவில்லை. சங்கதனின் முழுநேர ஊழியர்கள் எடுத்துக்கொண்டது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மட்டுமே.

1996இல் அதே ராஜஸ்தானின் பியாவரில் சங்கதனின் 40 நாள் தர்ணா. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது முழக்கம். அப்புறம் 2005இல் நாடு முழுமைக்குமான தகவல் உரிமைச் சட்டம் வந்தது. (1997இலேயே முதல் மாநிலமாகச் சட்டம் போட்டது தமிழ்நாடு. பெருமைதான், ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம்.) 2005 சட்டத்தில் எனக்குப் பிடித்தது நான்காவது பிரிவு. யாரும் மனு போடாமலே அலுவலகம் தானாக விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது அது. பத்து ரூபாய் கட்டி மனு எழுதுகிறோம் என்றாலே, பல நேரம் அந்தப் பிரிவு நடக்கவில்லை என்று அர்த்தம்.

2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவலைப் பற்றிய 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. தனிப்பட்ட தகவல் என்று சொல்லியே மறுக்க இப்போது வழி உண்டு. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற 8(2) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதைத் தீர்மானிப்பவர் முதலில் தகவலைக் கொடுக்க வேண்டிய அதே அலுவலர்தான். மஸ்டர் ரோலில் இருப்பது முழுக்கப் பெயர்கள். பெயரை மறைத்துவிட்டு அதை ஊரில் வாசித்தால், "அது நான் இல்லை" என்று யார் எழுந்து சொல்வது?