முறிகண்டியில் இறங்கிய முக்கோணம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆறு நிமிடங்களில் ஒன்றை மரியாதை சொல்லியே கழிக்க எனக்கு மனமில்லை.

"நிரல் எழுதும் மென்பொருளுக்குள்ளேயே வரைகலைக் கருவிகளும் ஷேடர் கருவிகளும் இருப்பது வரமா, சுமையா?" என்பது தலைப்பு. ஷேடர் என்பது, திரையில் வரையும் உருவின் இடத்தையும் நிறத்தையும் கணிக்கும் சிறு நிரல். வரம் என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "அடுப்படிக்குள் எவராவது கிணறு வெட்டுவாரா?" என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கைகளில் எத்தனை கைகள் ஆவணி மாதத்தில் வன்னிக் கிணற்றில் வாளி விட்டிருக்கின்றன என்று அறிய விரும்புகிறேன். அது பிறகு.

முள்ளியவளையில் என் சின்னம்மாவின் மகன், உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவன், திரையில் ஒரு சிவப்பு முக்கோணம் வரையப் புறப்பட்டான். ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை நிரலகத்தின் பாடமொன்றில் இருந்த மூன்று புள்ளிகளை அப்படியே எடுத்து, மைக்ரோசாஃப்டின் வரைகலை நிரலகமான டைரக்ட்3டி 11இல் எழுதினான். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, முக்கோணமும் இல்லை. மூன்று இரவுகள் வெறும் நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காம் நாள், தான் நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவில், பிழை தேடும் டிபக் பட்டியலுக்குள் 'கிராபிக்ஸ்' என்றொரு சொல் கிடப்பதைக் கண்டு அழுத்தினான். பிரின்ட் ஸ்கிரீன் விசையைத் தட்டி ஒரு சட்டகத்தை, அதாவது அந்தக் கணம் திரைக்கு வரையப்பட்ட ஒரு முழுப் படத்தை, பிடித்தான்.

அவையோரே, முக்கோணம் திரைக்கு வருவது ஏ9 வீதியில் பஸ் வருவது போன்றது. புள்ளிகள் வவுனியாவில் ஏறுகின்றன. மாங்குளத்தில் வெர்டெக்ஸ் ஷேடர் அவற்றுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. கிளிநொச்சியில் பிக்சல் ஷேடர் நிறம் பூசுகிறது. அந்தக் கருவி ஒவ்வொரு தரிப்பிடத்தையும் திறந்து காட்டியது. வவுனியாவில் முக்கோணம் இருந்தது. மாங்குளத்திலும் யன்னலோரமாக இருந்தது. கிளிநொச்சியில் இருக்கை வெறுமை! இடையில் எங்கே இறங்கியது? எல்லா பஸ்ஸும் நிற்கும் முறிகண்டியில்தான். தேங்காய் உடைக்க இறங்கிய முக்கோணம், பிள்ளையாரை வலம் வராமல் இடம் வந்துவிட்டது. ஓப்பன்ஜிஎல்லில் இடஞ்சுழியாக அடுக்கிய புள்ளிகள்தான் முன்பக்கம். டைரக்ட்3டியின் இயல்பு அமைப்பில் வலஞ்சுழியே முன்பக்கம், முதுகு காட்டுவதை அது வரையாமல் கழித்துவிடும். நடத்துனர் ஏற்றவில்லை, பஸ் போய்விட்டது! பையன் இரண்டு புள்ளிகளை இடம் மாற்றினான். முக்கோணம் கிளிநொச்சியில் வந்து இறங்கியது.

சட்டகம் பிடிக்கும் தனிக் கருவியான ரெண்டர்டொக் இலவசமாகக் கிடைக்கிறதே என்றார் எதிரணித் தலைவர். அருமையான கருவி, மறுக்கவில்லை. டைரக்ட்3டி 12க்கு மைக்ரோசாஃப்டே பிக்ஸ் என்ற தனிக் கருவியைத்தான் பரிந்துரைக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியொரு கருவி உலகில் உண்டு என்பதை முள்ளியவளையில் தனியே இருந்து படிக்கும் பையனுக்கு யார் சொல்வது? பெயர் தெரியாததை எப்படித் தேடுவது? 2012இலேயே விஷுவல் ஸ்டூடியோவுக்குள் இந்தச் சட்டகம் பிடிக்கும் வசதியும், பெட்டிகளைக் கோட்டால் இணைத்து ஷேடர் வரையும் திருத்தியும் வந்துவிட்டன. ஐபோனுக்கு நிரல் எழுதுவோருக்கு ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருளுக்குள்ளேயே, ஆப்பிளின் வரைகலை நிரலகமான மெட்டலின் சட்டகத்தைப் பிடித்துப் பார்க்க முடிகிறது. மென்பொருளின் நிறுவல் அளவு பெருகுகிறது என்கிறார்கள். வேண்டாதவர் அந்தப் பகுதியைத் தெரிவு செய்யாமல் விடலாம்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன். ஆவணியில் வாளி சேற்றைத் தட்டும். ஊறும் வரை காத்திருந்து அள்ளி, குடத்தை இடுப்பில் ஏற்றி, வெயிலில் ஒழுங்கை முழுவதும் நடந்து வந்த எந்தப் பெண்ணும், கிணறு தூரத்தில் இருப்பதே அழகு என்று சொன்னதில்லை. நாங்கள் கிணற்றை உள்ளே வெட்டச் சொல்லவில்லை. குழாயை உள்ளே இழுக்கச் சொல்கிறோம். எதிரணித் தலைவர் வீட்டு அடுப்படியிலும் குழாய் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரை நான் குடித்திருக்கிறேன்.

என் சின்னம்மா அப்படிக் குடம் சுமந்தவர். இடம்பெயர்ந்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைக்கு 'அ' எழுதக் காட்டியவர். அந்த மடிக்கணினி அவருடைய காப்பை அடகு வைத்து வாங்கியது. நான்காம் இரவு மகன் கூப்பிட்ட சத்தத்துக்கு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, திரையில் தனியே நின்ற சிவப்பு முக்கோணத்தை நெடுநேரம் பார்த்தார். அது என்ன, எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

"வடிவாய் இருக்கடா தம்பி" என்றார்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. வணக்கம்.