சாமி வரம் கொடுத்தும் வற்றிய தொண்டை

(ரெட்டியார்சத்திரம் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் விவசாயிகள் சங்க மாவட்டத் தலைவர் அவர்களே, வரவேற்றுப் பேசிய மாதர் சங்கச் செயலாளர் அவர்களே, தூத்துக்குடியிலிருந்து வந்து எனக்கு முன்னால் உணர்ச்சி பொங்கப் பேசிய துறைமுகத் தொழிற்சங்கத் தோழர் அவர்களே, பந்தலுக்கு இடம் தந்த ஊராட்சித் தலைவர் அவர்களே, மேடையில் இடமிருந்தும் கீழே மக்களோடு அமர்ந்திருக்கும் மூத்த தோழர்களே, மேகம் கட்டிய பிறகும் கலையாமல் இருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாலஸ்தீனத்தின் நிலம், நீர், உழைப்பு என்று மூன்றையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீரிலிருந்து தொடங்குகிறேன்.

“சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்” என்போம். பாலஸ்தீனத்துக்கு அப்படியே பொருந்தும் சொல் இது. அது வறண்ட பூமி, அங்கே தண்ணீரே கிடையாது என்றுதானே நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்? மேற்குக் கரையில் இருக்கும் ராமல்லாவில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். மலையில் விழும் மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி மூன்று பெரிய நிலத்தடிப் படுகைகளில் சேர்கிறது. சாமி வரம் கொடுத்தாயிற்று.

பூசாரி யார்? 1967 ஜூன் போரில் மேற்குக் கரையைப் பிடித்த இஸ்ரேல் ராணுவம், ஆகஸ்டில் 92ஆம் உத்தரவு போட்டுத் தண்ணீர் அதிகாரத்தைத் தளபதியிடம் கொடுத்தது. நவம்பரில் 158ஆம் உத்தரவு வந்தது: அனுமதி இல்லாமல் கிணறு வெட்டக்கூடாது, பம்பு மாட்டக்கூடாது. 1982இல் குழாய்களும் கிணறுகளும் மெகரோட் என்ற இஸ்ரேலிய அரசு நிறுவனத்தின் கைக்குப் போயின. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட 1995 ஒஸ்லோ இரண்டாம் ஒப்பந்தம் பாலஸ்தீனர்களுக்கு நீர் உரிமை உண்டு என்று எழுதியது; பிற்சேர்க்கையில் பங்கு பிரித்தது. மேற்குப் படுகையில் ஆண்டுக்கு 36.2 கோடி கன மீட்டர். அதில் 34 கோடி இஸ்ரேலுக்கு, 2.2 கோடி பாலஸ்தீனர்களுக்கு. ஐந்தாண்டுக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கும் அதே கணக்குதான்.

புதுக் கிணறு வேண்டுமென்றால் முதலில் இஸ்ரேல்–பாலஸ்தீனக் கூட்டு நீர்க் குழு ஒப்ப வேண்டும்; 2017 வரை குழாய்க்கும் அப்படித்தான். இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் தீர்மானம். குழாய் ‘சி’ பகுதியைத் தொட்டால் ராணுவத்தின் சிவில் நிர்வாகமும் தனியே அனுமதிக்க வேண்டும். ‘சி’ பகுதி என்றால் முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலம்; மேற்குக் கரையில் 60 சதவீதம் அதுதான். அதைத் தொடாமல் எந்தக் குழாய் போகும்? மேற்குக் கரையில் நாங்கள் எங்கள் மக்களைக் கொண்டுவந்து அமர்த்திய குடியேற்றங்களின் திட்டங்களுக்குக் கையெழுத்துப் போட்டால் உங்கள் திட்டத்தைப் பார்ப்போம் என்றது இஸ்ரேல். பாலஸ்தீனத் தரப்பு மறுத்தது. 2017 வரை பல ஆண்டுகள் குழு கூடவே இல்லை.

இனி மஸாஃபர் யட்டாவுக்கு வாருங்கள். ஹெப்ரானுக்குத் தெற்கே, ஆடு மேய்ப்பவர்களின் சிற்றூர்கள். ராணுவம் அதைத் துப்பாக்கிப் பயிற்சிக் களம், எண் 918 என்று அறிவித்திருக்கிறது. அங்கே தண்ணீர் என்றால் பாறையைக் குடைந்த தொட்டி. வாய் குறுகல், வயிறு அகலம், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. முதல் மழையை உள்ளே விடமாட்டார்கள். சரிவிலுள்ள தூசியும் ஆட்டுப் புழுக்கையும் கழுவிப் போகட்டும் என்று திருப்பிவிடுவார்கள். அடுத்த மழையைத்தான் சேர்ப்பார்கள். 300 மில்லிமீட்டர் மழையில் 400 சதுர மீட்டர் சரிவிலிருந்து, சேதாரம் போக, 100 கன மீட்டர் தேறலாம். குடும்பத்துக்கும் மந்தைக்கும் அது கோடை முழுக்கக் காணாது. மிச்சத்துக்கு டிராக்டர் இழுக்கும் டேங்கர்தான்; மண் பாதை, குழாய் நீரைப்போலப் பல மடங்கு விலை.

அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே மண்ணைத் தோண்டி, இரண்டு அங்குலக் குழாய் பதித்து, ஊரிலிருந்து ஊருக்கு இணைத்தார்கள். மொத்தம் 20 கிலோமீட்டர். வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர்! ஆறு மாதம் வந்தது. 2019 பிப்ரவரியில் சிவில் நிர்வாகம் ஜீப்பும் புல்டோசருமாக வந்து, குழாயைப் பிடுங்கி, அறுத்து, ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் குப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. காரணம்? அனுமதி இல்லை. பக்கத்தில் சட்டவிரோதக் குடியேற்றங்களுக்குக் குழாய் போகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் தோழர்களே!

மலைமேல் நின்றால் எது பாலஸ்தீன ஊர், எது குடியேற்றம் என்று கூரையைப் பார்த்தே சொல்லலாம். பாலஸ்தீன வீட்டு மொட்டை மாடியில் வரிசையாகக் கறுப்பு டேங்க். குடியேற்றத்தில் அது தேவையே இல்லை. அங்கே குழாயில் எந்நேரமும் தண்ணீர். ஆறு பேர் வீட்டில் ஆயிரம் லிட்டர் டேங்க் இரண்டு, தண்ணீர் வருவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 24 லிட்டர்கூட வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 100.

இது கிணற்றோடு நிற்கவில்லை. ஜெரிகோ அருகே அவ்ஜா ஊற்றை நம்பி வாழைத்தோப்புகள் இருந்தன. சுற்றிலும் மெகரோட் ஆழ்குழாய் போட்டது. ஊற்று வற்றியது, தோப்பு போயிற்று. தோப்புக்காரன் குடியேற்றத்தின் பேரீச்சந் தோட்டத்தில் கூலிக்குப் போனான். தண்ணீரைப் பிடுங்கினால் நிலம் தானாக விழும், கூலி உழைப்பு தானாக வரும். இதை மதச் சண்டை என்று சொல்லாதீர்கள்.

2023 அக்டோபர் 7 தாக்குதலில் ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்றது; குடிமக்களைக் கொன்றதை எந்த இடதுசாரியும் நியாயப்படுத்தக் கூடாது. அதற்குப் பழியாக இருபது லட்சம் காசா மக்களின் தண்ணீரையும் உணவையும் மின்சாரத்தையும் நிறுத்தியதை உலகமே பார்த்தது. 2024 நவம்பர் 21இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலான்டுக்கும் பிடியாணை பிறப்பித்ததில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. அதே ஆண்டு ஜூலை 19இல் சர்வதேச நீதிமன்றம் ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்றது. செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் இதை ஒட்டி வந்த தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 1947இல் ஐ.நா.வில் பாலஸ்தீனப் பிரிவினைத் திட்டத்தை எதிர்த்து வாக்களித்த நாடு நம்முடையது!

இங்கே வருகிறேன். நம் ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. சொட்டுநீரை நாம் எதிர்க்கவில்லை. நம் காட்டிலும் அது ஓடுகிறது. நாம் கேட்பது, டெண்டரில் ஒரு பிரிவு. குடியேற்றங்களோடு தொழில் செய்யும் 112 நிறுவனங்களை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020 பிப்ரவரியில் பட்டியலிட்டது, பிறகு புதுப்பித்தும் வருகிறது. அரசுப் பணத்தில் குழாய், வடிகட்டி, வால்வு வாங்கும்போது, அந்தப் பட்டியலில் இல்லை என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். நடக்காததா? நெதர்லாந்தின் விட்டென்ஸ் குடிநீர் நிறுவனம் 2013 டிசம்பரில் மெகரோட்டுடனான உறவையே முறித்துக்கொண்டது.

உழைப்பு பற்றியும், இஸ்ரேலில் பாலஸ்தீனக் கட்டுமானத் தொழிலாளிகள் இருந்த இடத்துக்கு நம் பிள்ளைகளை அனுப்புவது பற்றியும் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார். பந்தலின் இடதுபக்க மேசையில் மனு இருக்கிறது. பெயர், ஊர், சர்வே எண் மூன்றும் எழுதுங்கள். வெறும் கையெழுத்தாக இருந்தால் விவசாயி மனு இல்லை என்று தள்ளிவிடுவார்கள். தீர்மானத்தை வாசிக்க மாதர் சங்கச் செயலாளரை அழைக்கிறேன்.