வளர்த்த வீடா, விளையாடிய களமா? ‘களமே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கம்பன் விழாவில் பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த காரைக்குடி ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

தத்தெடுக்கப்பட்ட ஒரு பெண், மாற்றுத்திறனாளிகள் தரையில் உட்கார்ந்தபடியே ஆடும் சிட்டிங் வாலிபாலில் வீராங்கனையாக உயர்ந்தால், அதற்குப் பெரிய காரணம் வளர்த்த வீடா, விளையாடிய களமா? முன்னால் பேசிய அண்ணன் நீச்சல் வீராங்கனை ஜெசிக்கா லாங் கதையைச் சொல்லி உங்களைக் கண்ணைத் துடைக்க வைத்துவிட்டார். சைபீரியாவில் பிறந்து, 13 மாதத்தில் அமெரிக்காவுக்குத் தத்துப் போனவர். 18 மாதத்தில் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தாத்தா பாட்டி வீட்டுக் குளத்தில்தான் நீந்திப் பழகினார். எல்லாம் உண்மை. ஆனால் அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 12 வயதில் மூன்று தங்கம் வாங்கினாரே, அது தாத்தா வீட்டுக் குளத்திலா?

சுவீகாரம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. எந்தக் கோயிலைச் சேர்ந்த வம்சம் என்று கோயில் பிரிவு பார்த்து, பங்காளிகளை அழைத்துப் பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த ஊர்கள் இவை. எதற்குக் கூட்டினோம்? வம்சம் விளங்க, புள்ளி என்கிற குடும்பக் கணக்கு தொடர. அதுவும் ஆண்பிள்ளையாகப் பார்த்து. கால் சரியில்லாத பெண்பிள்ளையைத் தேடிப்போய்க் கூட்டியவர் இந்தச் சபையில் இருந்தால் கை தூக்குங்கள், இப்போதே மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.

சரி, அன்பான வீடே அமைந்தது என்று வையுங்கள். நம்ம ஊர் வீட்டையே எடுத்துக்கொள்வோம். தெருவிலிருந்து படியேறினால் முகப்பு, நிலை தாண்டினால் வளவு, இன்னொரு நிலை தாண்டினால் இரண்டாங்கட்டு, அப்புறம்தான் அடுப்படி. ‘நீ எதுக்கு ஆத்தா சிரமப்படுறே, உட்காரு’ என்று தண்ணீரைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்போம். பாசம்தான். அந்தப் பாசத்திலேயே அவள் பொழுது போய்விடும்.

களம் அப்படிக் கொஞ்சாது. நீளம் 10 மீட்டர், அகலம் 6 மீட்டர், பெண்களுக்கு வலை 1.05 மீட்டர் உயரம். பந்தைத் தொடும்போது பிட்டம் தரையை விட்டு எழும்பக் கூடாது. பந்தை அடிக்கிற அதே கைகளைத் தரையில் ஊன்றித்தான் நகர வேண்டும். பந்து வருவதற்குள் கை மறுபடி மேலே வந்திருக்க வேண்டும். நின்று ஆடும் ஆட்டத்தில் சர்வை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் அடியை, வலையருகிலேயே கை தூக்கி பிளாக் செய்யக் கூடாது, இதில் செய்யலாம். போட்ட சர்வ் மறுநொடியே மூஞ்சிக்குத் திரும்பி வரும். ‘ஐயோ பாவம், தத்துப் பிள்ளை’ என்று எந்த அணியும் மெதுவாக அடிக்காது. அந்த மரியாதை எந்த வீட்டில் கிடைக்கும்?

பெற்ற வீடே போதாமல் போனதும் உண்டு. ஈரானின் சிட்டிங் வாலிபால் வீரர் மோர்தஸா மெஹ்ர்ஸாத், 246 சென்டிமீட்டர் உயரம். சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பு உடைந்து வலது கால் வளராமல் நின்றது. வெளியே வரவே கூசி வீட்டுக்குள் கிடந்தார். டிவியில் பார்த்த பயிற்சியாளர் கூப்பிட்டு வலைக்கு முன்னால் உட்கார வைத்தார். ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் ஈரானுக்குத் தங்கம்.

மணி அடிக்கிறீர்கள் நடுவரே, இதோ முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேசப்போகிற ஆச்சி, ‘வீடு இல்லாமல் களத்துக்கு எப்படிப் போவாள்?’ என்று கேட்பார்கள். கொண்டுபோய் விட்டது வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் அணியில் ஆடுகிற ஆறு பேரில் ஒருத்தியாக அவளைச் சேர்த்தது அவளுடைய சர்வா, தத்துப் பத்திரமா? ஆச்சி பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.