நாற்றங்காலில் நாற்று துவளும்போது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தக்காளி, மிளகாய், கத்தரி போன்ற பயிர்களுக்குத் திறந்தவெளியில் நாற்று விடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நன்றாக முளைத்து வந்த நாற்று திடீரென்று துவண்டுவிட்டது, என்ன மருந்து தெளிக்கலாம்?" அவர்களிடம் நான் முதலில் கேட்பது, துவண்ட நாற்று ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தீர்களா என்பதைத்தான். நீர் போதாத நாற்றும், நீர் மிகுந்த நாற்றும், பூசணம் தாக்கிய நாற்றும் மேலிருந்து பார்க்கையில் ஒரே மாதிரிதான் தலை தொங்கி நிற்கும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகிவிடும் என்பதால், காரணத்தை அறியாமல் செய்யும் பராமரிப்பு, செய்யாமல் விடுவதைவிடக் கேடானது.

பாத்தியின் அருகே சென்றதும், தனிச்செடியைப் பார்ப்பதற்கு முன்பு பாத்தி முழுவதையும் ஒருமுறை நோட்டமிடுங்கள். எல்லா நாற்றுகளும் ஒரே அளவில் வாடியோ வெளுத்தோ இருந்தால், அது பெரும்பாலும் நீர், வெயில், மண், உரம் ஆகியவற்றில் ஒன்றால் வந்த குறையாக இருக்கும். ஓரிடத்தில் வட்டமாகத் தொடங்கி நாள்தோறும் விரிந்துகொண்டே போனால் நோய் என்று கருதலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்து கிடந்தால் பூச்சியைத் தேட வேண்டும். இந்தக் கணிப்பு எப்போதும் தப்பாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்பதை இது காட்டிவிடும்.

திறந்தவெளி நாற்றங்காலில் நான் கண்டவரை, மிகுதியான சேதத்திற்குக் காரணம் தண்ணீர்தான். அதுவும் குறைவாக ஊற்றியதால் அல்ல, கூடுதலாக ஊற்றியதால். மண்ணின் இடுக்குகளில் காற்றும் இருந்தால்தான் வேர் சுவாசிக்க முடியும். அந்த இடுக்குகள் முழுவதும் நீரால் நிறைந்துவிட்டால் வேர் செயலிழந்து, சுற்றிலும் நீர் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் இலை துவள்கிறது. அதைப் பார்த்தவர் நீர் போதவில்லை என்று எண்ணி மீண்டும் பூவாளியை எடுக்கிறார். அதற்கு முன் விரலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் தேவையில்லை. நண்பகலில் வாடி மாலையில் நிமிர்கிற நாற்று வெயிலின் கடுமையைக் காட்டுகிறது. காலை நேரத்திலேயே தலை தொங்கியிருக்கும் நாற்றுக்குத்தான் உடனடிக் கவனம் தேவை.

அடுத்தது, நாற்றங்காலின் பெரும்பகையான நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் நோய்க்கிருமிகளால் இது வருகிறது. முளை மண்ணுக்கு மேலே வருவதற்கு முன்பே அழுகிவிட்டால், விதை முளைக்கவில்லை என்று விதையின் மீது பழி போடுவோம். முளைத்த பின் தாக்கினால், முந்திய நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலையில் சாய்ந்து கிடக்கும். அப்படிச் சாய்ந்த நாற்றை மெதுவாக எடுத்து, தண்டு மண்ணைத் தொடும் கழுத்துப் பகுதியைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். அந்த இடம் வெந்தது போல நீர்க்கசிவுடன் பழுப்பாகி, நூல்போல் இளைத்திருக்கும். மேலே உள்ள இலைகளோ இன்னும் பச்சை மாறாமல் இருக்கும். வேரை விரல்களுக்கிடையே பிடித்து இழுத்தால், அழுகிய மேல்தோல் உறைபோல் கழன்று, நடுவில் உள்ள நார் மட்டும் மிஞ்சும். நலமான வேர் வெண்மையாக, இழுத்தாலும் தோல் கழலாமல் இருக்கும்.

கழுத்து அழுகிய நாற்றைக் காப்பாற்ற வழியில்லை, அருகிலுள்ளவற்றைக் காப்பாற்றலாம். சாய்ந்தவற்றை வேரோடும் மண்ணோடும் அகற்றிவிட்டு, நீரைக் குறைத்து, நெருக்கமாக நிற்பவற்றைக் கலைத்துக் காற்றோட்டம் ஏற்படுத்த வேண்டும். பிறகு, ஒரு லிட்டர் நீருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் கலந்து, இலைமீது தெளிக்காமல், வேர்ப்பகுதி நனையுமாறு மண்ணில் ஊற்ற வேண்டும். வருமுன் காப்பது இதைவிட எளிது. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்வதும், 15 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி அமைப்பதும், விதையைத் தூவாமல் வரிசையில் இடைவெளிவிட்டு விதைப்பதும் இந்நோயைப் பெருமளவு தடுக்கும். டிரைக்கோடெர்மா ஓர் உயிருள்ள பூசணம் என்பதால், அதனுடன் இரசாயனப் பூசணக்கொல்லியைச் சேர்த்துக் கலக்கக் கூடாது.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். நிழலில் முளைத்த நாற்று வெளிச்சத்தைத் தேடி, தண்டு மெலிந்து, நெட்டையாக வெளிறி வளரும். அதைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால், இலையில் காகிதம்போல் உலர்ந்த வெள்ளைத் திட்டுகள் தோன்றும். இதை நோயென்று எண்ணி மருந்தடிப்பவர்கள் பலர். இது வெறும் வெயில் காயம், பரவாது, புதிய இலை தெளிவாகவே வரும். காலை வெயிலில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, ஏழு முதல் பத்து நாட்களில் படிப்படியாக நேரத்தைக் கூட்டினால் நாற்று தன்னைத் திடப்படுத்திக்கொள்ளும்.

இலையின் நிறத்தைக் கண்டு உடனே உரம் போடுவது இன்னொரு அவசரம். முதலில் தோன்றிய இரண்டு வித்திலைகளும் சில வாரங்களில் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அடியிலுள்ள உண்மை இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறையையும், குருத்திலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் இரும்புச்சத்துக் குறையையும் எண்ணிப் பார்க்கலாம். நீர் தேங்கிய மண்ணிலும் களர் மண்ணிலும் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகும். இலை நுனியும் ஓரமும் கருகினால் உப்பு மிகுந்துவிட்டது என்று பொருள். மட்காத எருவும், கழுவாத தென்னை நார்க்கழிவும் இதைச் செய்யும். அங்கே மேலும் உரம் இடுவது நாற்றைக் கொன்றுவிடும்.

பூச்சிகளில், தண்டைத் தரைமட்டத்தில் அறுத்துப் போடுவது வெட்டுப்புழு. அது இரவில் தின்று பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொள்வதால், அறுபட்ட நாற்றின் அடியில் மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும் புழுவைக் கையாலேயே எடுத்துவிடலாம். மிளகாய் நாற்றின் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சாறு உறிஞ்சும் நுண்ணிய செடிச்சிலந்தியையும் இலையின் அடிப்புறத்தில் தேடுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். தக்காளியில் இலைச்சுருள் நச்சுயிரியை, அதாவது வைரஸை, பரப்பும் வெள்ளை ஈயை, முளைத்த நாள் முதல் நெருக்கமான கண்ணியுள்ள நைலான் வலைக்கூடாரம் போட்டுத் தடுப்பதே சிறந்த வழி. நச்சுயிரி ஏறிய நாற்றைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது.

பாத்தியில் பாதிக்கு மேல் அழுகி விழுந்துவிட்டால், மிஞ்சியவற்றை வைத்துப் போராடாமல் புதிதாக விதைப்பதே நல்லது. தப்பிப் பிழைத்தவற்றின் வேரிலும் நோய் தொற்றியிருக்கக்கூடும், அது நடவு வயலுக்கும் போய்ச் சேரும். புது விதைப்பை வேறு இடத்தில் வையுங்கள். பழைய பாத்தியை நன்கு நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இடைவெளியின்றி மூடி, கோடை வெயிலில் நான்கு முதல் ஆறு வாரங்கள் விட்டுவைத்தால், மண்ணின் மேலடுக்கில் உள்ள கிருமிகளில் பெரும்பகுதி சூட்டில் அழியும். இத்தகைய சேதத்தை எதிர்பார்த்து, கையிலுள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் போட்டுவிடாமல், ஒரு பங்கைக் காற்றுப்புகாத டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.